பழைய வளைவுப் பாலத்தைப் படிப்பது எப்படி: கடலூர், புதுவை ஆற்றங்கரைகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரியில் இறங்குவதற்குள் கெடிலம், தென்பெண்ணை, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு ஆகியவற்றைக் கடந்துவிடுகிறோம். சன்னலோரம் அமர்ந்தவருக்குப் பாலம் என்பது கைப்பிடிச் சுவராக மட்டுமே தெரிகிறது. அந்தச் சுவர்தான் பெரும்பாலும் பாலத்தின் மிக இளைய பகுதி. கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய பழைய வளைவுப் பாலம் ஒன்றின் வயதையும் கட்டுமான முறையையும் தாமே அறிந்துகொள்ள விரும்புகிறவர், சாலையை விட்டு ஆற்றுக்குள் இறங்கி, அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் வடிந்த பிறகு, மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை. தேவனாம்பட்டினம், நோணாங்குப்பம் போன்ற கழிமுகப் பகுதிகளில் கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள்ளும் தெரியும் என்பதால், வற்றம் நேரத்தைக் கேட்டறிந்து செல்லவும். மீனவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். தென்பெண்ணையில் இறங்குமுன் சாத்தனூர் அணையிலும், சங்கராபரணியில் இறங்குமுன் வீடூர் அணையிலும் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூரிலிருந்து வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மணல் அள்ளிய குழிகள் ஆழம் தெரியாமல் நீர் நிறைந்து கிடக்கும். தனியாக இறங்க வேண்டாம். இரயில் பாலமானால், அனுமதியின்றித் தண்டவாளத்தில் கால் வைப்பது குற்றம்.

முதலில் மேற்குப் பக்கம், அதாவது நீர் வரும் திசையில் நின்று தூண்களைப் பாருங்கள். தூணின் முகப்பு கூர்மையாகவோ அரைவட்டமாகவோ நீண்டிருக்கும். வெள்ளத்தையும் அது அடித்து வரும் மரங்களையும் இரு பக்கமும் பிளந்து அனுப்புவதற்காக வைத்த அமைப்பு அது. கிழக்கு முகம் பல பாலங்களில் எளிமையாக முடிந்துவிடும். இரண்டையும் தனித்தனியே படம் எடுத்துக்கொள்ளவும். கடற்கரையை ஒட்டிய இந்த வண்டல் நிலத்தில் கருங்கல் கிடையாது. திண்டிவனம், செஞ்சிப் பக்கம் போன்ற உள்நாட்டிலிருந்து வண்டியில் வர வேண்டும். ஆகையால் நீர் மோதும் முகப்பிலும் வளைவின் விளிம்பிலும் மட்டும் கல்லை வைத்து, உள்ளே செங்கல்லை நிரப்பும் சிக்கனம் இயல்பானது. வெளியில் கல் தெரிவதால் முழுவதும் கல் என்று எழுதிவிடாதீர்கள்; வளைவின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அஸ்திவாரம் கண்ணுக்குப் படாது, ஆனால் பாலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். நம் ஆறுகளில் பாறை எட்டாத ஆழத்துக்கு மணல் இருப்பதால், கிணறு இறக்கும் முறையே பயன்பட்டது. மரச்சட்டம் ஒன்றின் மேல் வட்டமாகச் செங்கல் சுவரை எழுப்பி, உள்ளிருக்கும் மணலைத் தோண்டத் தோண்ட, சுவர் தன் எடையாலேயே கீழே இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே மறுபடியும் கட்டி, கெட்டியான களிமண்ணை அடைந்ததும் உள்ளே கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்புவார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாக 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். கோடையில் தூணின் அடியில் வட்டமான செங்கல் விளிம்பு வெளியே தெரிந்தால், அது கிணற்றின் தலை. அதைப் பார்த்து மகிழ்வதோடு கவலையும் பட வேண்டும்: அது தெரிகிறது என்றால் ஆற்றுப்படுகை இறங்கிவிட்டது என்று பொருள், மணல் அரிப்பாகவோ மணல் கொள்ளையாகவோ இருக்கலாம். தூணைச் சுற்றிப் பரப்பிய கல் தளம் உடைந்து சரிந்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

அடுத்து, கண்களை, அதாவது தூண்களுக்கு இடையே நீர் போகும் திறப்புகளை எண்ணி, ஒவ்வொரு கண்ணின் அகலத்தையும் தூணின் பருமனையும் நாடாவால் அளக்கவும். தடித்த தூண் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அது நீர்வழியைச் சுருக்கி, நீரின் வேகத்தைக் கூட்டி, தன் காலடி மணலைத் தானே அரிக்க வைக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் பெரோனே தூண்களை மெலிதாக்கிக் காட்டினார். அதில் ஓர் ஆபத்து உண்டு. மெலிந்த தூணின் இரு பக்க வளைவுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால், ஒரு வளைவு விழுந்தால் மற்றவையும் சீட்டுக்கட்டாய்ச் சரியும். இதைத் தடுக்கவே நீண்ட பாலங்களில் சில கண்களுக்கு ஒருமுறை மட்டும் ஒரு பருத்த தூணை வைத்தார்கள். எண்ணிக்கொண்டே போகும்போது திடீரென ஒரு தூண் தடித்திருந்தால் அதைத் தவறவிட வேண்டாம்; வரைந்தவரின் முன்யோசனை அங்கே தெரிகிறது.

வளைவில் ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டு, மேலிருந்து வரும் பாரத்தை அண்டைக் கல்லுக்குத் தள்ளி, இறுதியில் தூணுக்கும் கரைச்சுவருக்கும் சேர்க்கிறது. வளைவு தட்டையாகத் தட்டையாகப் பக்கவாட்டுத் தள்ளல் கூடும். அதனால்தான் தட்டையான வளைவுள்ள பாலத்தின் கரைச்சுவர்கள் அவ்வளவு பருமனாக இருக்கின்றன. வளைவு தொடங்கும் மட்டத்தில் கண்ணின் அகலத்தையும், அங்கிருந்து உச்சிக்கல்லின் அடி வரை உயரத்தையும் அளந்தால், வட்டத்தின் ஆரத்தைக் கணக்கிடலாம்: அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதனுடன் உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். 30 அடி அகலமும் 7.5 அடி உயரமும் இருந்தால் ஆரம் 18.75 அடி. உயரம் அகலத்தில் சரிபாதியாக இருந்தால் அது முழு அரைவட்டம்; கணக்கே தேவையில்லை.

அளவுகளை அடியிலும் மீட்டரிலும் எழுதிவையுங்கள். இந்தக் கரையில் அதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. கடலூர் ஆங்கிலேயர் கையிலும், புதுவை 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையிலும் இருந்தன. ஒரு கண்ணின் அகலம் 9.14 மீட்டர் என்று வந்தால் அது முழு 30 அடி, சரியாக 10 மீட்டர் என்று வந்தால் பிரெஞ்சு அளவுகோலை நினைக்கலாம். இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. பிரெஞ்சுப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் ஆங்கிலேயர் ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்ததால், பாலம் நின்ற ஊர் அன்று எந்தப் பக்கம் என்பதைப் பழைய வரைபடத்தில் உறுதி செய்துகொள்ளவும்.

இனிக் கைக்கெட்டும் இடத்தில், கற்களுக்கோ செங்கற்களுக்கோ இடையிலுள்ள ஒரு இணைப்பை நெருங்கிப் பாருங்கள். பழைய சுண்ணாம்புக் காரை வெண்மையாகவோ, செங்கல் பொடி கலந்திருந்தால் இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இந்தக் கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள் என்பதால், சரியாக வேகாத கிளிஞ்சல் துணுக்கு நகக்கண் அளவில் பதிந்திருப்பதும் உண்டு. சாம்பல் நிறத்தில் வழவழப்பாகப் பூசிய இணைப்பு சிமென்ட். அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பழுதுபார்ப்பு. சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியேற விடாமல் செங்கல்லைப் பொரியச் செய்யும் என்பதால், பழுதுபார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுச் சேதம் இருப்பதைக் காணலாம். பெயர்த்துப் பார்க்க வேண்டாம், படம் போதும். அரசும் ஆலும் எந்த இணைப்பில் வேர்விட்டிருக்கின்றன என்பதையும், வளைவின் அடியில் நெடுக்காக ஓடும் நேர்க்கோட்டையும் தேடவும். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் கல்லின் வரிசை மாறினால், பாலம் பின்னாளில் அகலப்படுத்தப்பட்டிருக்கிறது.

வயதைத் தீர்மானிப்பதில் கல்வெட்டுப் பலகையை மட்டும் நம்புவது பெருந்தவறு. கடலூர் மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையைத் தாண்டி, காட்டுமன்னார்கோயிலிலிருந்து மீன்சுருட்டி வழியாகப் போனால் வரும் அணைக்கரை நல்ல பாடம். கொள்ளிடம் இரு கிளையாகப் பிரியும் அவ்விடத்தில் கீழணை 1836இல் கட்டப்பட்டது. வீராணம் ஏரிக்கு வடவாறு புறப்படுவதும் அங்கிருந்துதான். ஆனால் 1836 என்பது அணைக்குரிய ஆண்டு. மேலே ஓடும் சாலைக்கும், கண்களில் உள்ள ஷட்டர்களுக்கும், இன்றைய கைப்பிடிச் சுவருக்கும் அதையே சூட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி வயதைத் தேட வேண்டும்.

அதற்கு, கடலூர் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு 1878இல் கார்ஸ்டினும் 1906இல் பிரான்சிஸும் தொகுத்த விவரணங்களில் தொடங்கலாம்: முன்னதில் இல்லாத பாலம் பின்னதில் இருந்தால் இடைப்பட்ட காலம் சுருங்கிவிடும். பிறகு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறைக் கோப்புகளையும், புதுவைப் பக்கப் பாலமானால் அங்குள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகத்தையும் நாடவும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கும்போது "எப்போது கட்டினார்கள்" என்று கேட்டால் "வெள்ளைக்காரன் காலம்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். "எந்த வெள்ளத்தில் எந்தக் கண் போனது" என்று கேட்டால் பேச்சு நிற்காது. அவர்கள் காட்டும் வெள்ள மட்டத்தை வரைபடத்தில் குறித்து, அளந்த தேதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் அதே தாளில் எழுதிவிட்டால், அடுத்த மழைக்குப் பிறகு வேறொருவர் வந்து படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.