வீட்டிலேயே கேரல்: பிள்ளைகளுக்கு ஏற்ற சுருதி பிடிப்பது எப்படி?

ராயபுரம் பக்கம் டிசம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு தொடங்கிவிடும். சபைக்காரர்கள் கிட்டார், டிரம்மோடு ராத்திரி தெருத்தெருவாக வருவார்கள். அவர்கள் நம் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளைகள் கைதட்டுவதோடு நிற்காமல் கூடவே பாட வேண்டும் என்பது என் ஆசை. குடும்ப ஜெபத்தில் எல்லாரும் வாய் திறந்து பாடுகிற பழக்கம் கைவிட்டுப் போகக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை. போன வருஷம் எங்கள் வீட்டில் இரண்டும் கைகூடின. பாட்டு கிளாஸ் பக்கமே போகாத அம்மாக்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு பாட்டு போதும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் ஞாயிறுகள் நான்கு, வாரத்துக்கு ஒன்று. அதில் குறைந்தது இரண்டு கீர்த்தனையாக இருக்கட்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்திலும் தாளத்திலும் கட்டிக் கொடுத்த சொத்து அது. யூடியூபில் வருவதை மட்டும் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தால், இந்தப் பாட்டெல்லாம் நம் மாமியார், அம்மா தலைமுறையோடு நின்றுவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கீர்த்தனையின் மெட்டுக்கு அவர்கள் சொல்வதே முடிவு. எங்கள் அத்தை சின்னவளின் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதிலேயே ஆதி தாளம் போட்டுப் பாடுவார்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எந்த வீடியோவும் அப்படிச் சொல்லித் தராது.

படி 2: வரிகளைக் கையால் எழுத வையுங்கள்

போனில் பார்த்துப் பாடினால் கண் திரையிலேயே இருக்கும், பாட்டு மனதில் நிற்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 3: சுருதி

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கள் வீட்டில் பாட்டு நின்று நின்று போனதும் இங்கேதான். யூடியூப் பாட்டைப் போட்டுக் கூடப் பாடச் சொன்னால், முதல் இரண்டு வரி நன்றாகப் போகும். மேலே ஏறும் வரி வந்ததும் சின்னவள் கழுத்தை நீட்டி, தாடையைத் தூக்கி, கத்திவிட்டு நிறுத்திவிடுவாள். பிள்ளைக்குப் பாட வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாட்டு பெரியவர்கள் குரலுக்கு வைத்த சுருதியில் இருக்கிறது, அதுதான் காரணம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்துப் போர்ஷன் அக்கா. மார்கழியில் விடியற்காலையே திருப்பாவை பாடுகிறவர். பாட்டின் ‘ச’ எந்தக் கட்டையில் நிற்கிறதோ, அதுதான் அந்தப் பாட்டின் சுருதி. அவர் சொன்னபடி, முதலில் கீபோர்டில் கட்டையைக் கண்டுபிடியுங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், இடப்பக்கக் கறுப்பை ஒட்டி அதற்கு இடப்புறம் இருக்கும் வெள்ளைதான் 1 கட்டை. அங்கிருந்து வலப்பக்கம் ஒவ்வொரு வெள்ளையும் 2, 3, 4, 5, 6, 7. நடுவில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை என்று ஒன்று கிடையாது, அங்கே கறுப்பே இல்லை.

இனி ‘சைலன்ட் நைட்’ மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இது ‘ப’வில் தொடங்குகிறது. கீழே ‘ச’ வரை இறங்கும், கடைசிக்குச் சற்று முன்னால் மேல் ‘ம’ வரை ஏறும். அமைதியான பாட்டு என்று நினைப்போம், ஆனால் வீச்சு பெரியது. அதனால் முதல் வரியை வைத்துச் சுருதி பிடிக்காதீர்கள். உச்சிக்கு ஏறும் அந்த வரியை மட்டும் பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள். தாடை தூக்காமல், குரல் கீச்சிடாமல் வந்தால் சரி. இல்லையென்றால் அரைக்கட்டை, அதாவது கறுப்போ வெள்ளையோ இடப்பக்கம் ஒட்டி இருக்கும் கட்டைக்கு, இறக்கி மறுபடி பாருங்கள். அப்புறம் பாட்டின் கடைசி ‘ச’வைப் பாடச் சொல்லுங்கள். காற்று மட்டும் வந்து குரல் கேட்கவில்லையா? அதிகமாக இறக்கிவிட்டீர்கள், அரைக்கட்டை ஏற்றுங்கள்.

பாமாலைப் புத்தகங்களில் இந்த மெட்டு பெரும்பாலும் ஆறரைக் கட்டையில்தான் இருக்கும். எங்கள் சின்னவளுக்கு 6 கட்டை சுகமாக அமைந்தது. கீபோர்டின் நடுவில் இருக்கும் 1 கட்டைக்குக் கீழே (இடப்பக்கம்) வருகிற 6, மேலே உள்ளது இல்லை. இதில் மாறிவிட்டால் பெரியவர்களுக்கே தொண்டை கட்டிவிடும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் கிடைத்த கட்டையை நோட்டில் அந்தப் பாட்டின் தலைப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வீட்டிலேயே சின்னக் குரல் யாருடையதோ, அவருக்குத்தான் சுருதி. மற்றவர்கள் அதற்கு இணங்கிப் போகலாம்.

என்ன கருவி வேண்டும்?

போனில் ஒரு தம்புரா ஆப்பும், கட்டை பார்க்க ஒரு கீபோர்டு ஆப்பும் போதும். கரோக்கி டிராக் வேண்டவே வேண்டாம், அது பிள்ளைக்காக ஓரிடத்திலும் காத்திருக்காது. தம்புரா காத்திருக்கும், வரி மறந்து நின்றாலும் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘சைலன்ட் நைட்’ முதன்முதலாக 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபன்டார்ஃப் ஆலயத்தில் பாடப்பட்டபோது கூட வாசித்தது ஒரே ஒரு கிட்டார். அதனால் பெரிய கீபோர்டு இல்லையே என்று ஏங்காதீர்கள்.

படி 4: நேரம்

ராத்திரி ஜெபம் முடிந்த கையோடு 15 நிமிடம். அரையாண்டுத் தேர்வு நடக்கும் நாட்களில் ஒரே ஒரு பாட்டு, அதுவும் ஜெபத்துக்குள்ளேயே. அப்பாவுக்கு ஷிஃப்டு என்றால் காத்திருக்க வேண்டாம். அவர் இருக்கும் நாளில் சேர்ந்துகொள்வார்.

படி 5: குரல் உடையும் பையன்

எங்கள் மூத்தவனுக்கு இப்போது குரல் மாறும் வயது. அவன் கட்டைக்குரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று வீட்டில் முதலிலேயே பேசி வைத்துவிட்டேன். வருகிற இடத்தில் ஒரு ஸ்தாயி கீழே (அதே மெட்டைக் கீழ் ‘ச’வை வைத்து) பாடட்டும், வராத இடத்தில் தாளம் போடட்டும். ‘சைலன்ட் நைட்’டுக்கு மூன்று மூன்றாக எண்ணிக்கை, அத்தையின் கீர்த்தனைக்கு ஆதி தாளம். இரண்டையும் தடுமாறாமல் மாற்றிப் போட அவனுக்கு வருகிறது, அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

பின்சேர்க்கை

எழுதிய பிறகு சிலர் கேட்டவை:

கணவர் 1 கட்டைக் குரல்காரர், பிள்ளைகள் 6 கட்டையில் பாடினால் அவர் எப்படிச் சேர்வது என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஆண்கள் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே பாடிவிடுவார்கள். ரொம்பத் தாழ்ந்து போகிற இடத்தில் மட்டும் விட்டுவிட்டு, அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளட்டும்.

புளூடூத் ஸ்பீக்கரில் தம்புராவைப் போடலாம். ஆனால் கீபோர்டு ஆப்பை அதில் இணைக்காதீர்கள். கட்டையை அழுத்திய பிறகு சத்தம் தாமதமாக வருவதால் தாளம் பிசகும். வயர் ஸ்பீக்கர் நல்லது.

கேரல் ரவுண்டு அண்ணன்மார் கிட்டாரோடு வரும்போது நம் சுருதியில் வாசிப்பார்களா என்றும் கேட்டிருந்தார்கள். தாராளமாக வாசிப்பார்கள், முன்னாடியே சொல்லிவிட்டால் போதும். அவர்களிடம் “6 கட்டை” என்பதை “ஏ மேஜர்” என்று சொல்லுங்கள். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) போட்டு ஜி ஷேப்பில் பிடித்துவிடுவார்கள். ஆறரை என்றால் “பி ஃபிளாட்”, கேப்போ மூன்றாவது ஃப்ரெட்டில்.