லுஃப்தான்சாவில் பறந்து கிரிஸ்ஃபிளையரில் மைல் சேர்க்க

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நான் லுஃப்தான்சாவில்தான் போவேன். பறப்பதற்குக் கிடைக்கும் மைல், அதாவது பின்னர் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளி, ஏறுவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டமான கிரிஸ்ஃபிளையர் கணக்கில். இரண்டு நிறுவனமுமே ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் இது முடிகிறது.

டிக்கெட் எடுக்கும் முன் புக்கிங் கிளாஸ் எழுத்தை (டிக்கெட்டின் கட்டண வகையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து) பாருங்கள், முக்கியமே அதுதான். ஒரே எகானமி இருக்கைதான். ஆனால் 'ஒய்' எழுத்துக்குக் கிடைக்கும் மைல் மலிவு டிக்கெட் எழுத்துகளுக்குக் கிடைக்காது. எந்த எழுத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல் கிரிஸ்ஃபிளையர் தளத்திலேயே இருக்கிறது.

செக்-இன்னில் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, போர்டிங் பாஸில் அது அச்சாகியிருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே சரிபாருங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில்தான் மைல். கணக்கிலுள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்; நம் இனிஷியல்தான் அடிக்கடி இடிக்கும். மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். விட்டுப்போனால் கேட்டு வாங்க அதுதான் ஆதாரம்.