ஒரே பெயர், இரண்டு வரி: ரூபியில் கிளாஸ் நீட்டிப்பை ஒரு கோப்புக்குள் நிறுத்துவது

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு ரூபி என்ற நிரல்மொழியில் பில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். 2024 ஜனவரி 1 அன்று பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. அந்த வாரமே கடைக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, போன மாசப் பில்லை மறுபடி அடிச்சா அஞ்சு வெள்ளி சாமானுக்கு 5.45 காட்டுது. அன்னிக்கு 5.40தானே வாங்கினேன்?"

தவறு என்னுடையதுதான். முதலில் அதையே செய்து பாருங்கள்: முழு எண்களுக்கான கிளாஸான இன்டிஜரைத் திறந்து, அதில் ஒரு மெத்தட் சேர்க்கிறோம். (கட்டளைச் சொற்களை ஒலிப்பில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மெத்தட் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ரூபி ஏற்றுக்கொள்ளும்.)

கிளாஸ் இன்டிஜர்
  டெஃப் வரியுடன்
    செல்ஃப் * 108 / 100
  எண்ட்
எண்ட்

இனி 500.வரியுடன் என்றால் 540 காசு. இன்னொரு கோப்பில் இதையே 109 போட்டு எழுதி, இரண்டையும் ஏற்றுங்கள். கடைசியாக ஏறியதுதான் நிற்கும். ரூபியில் கிளாஸைத் திறந்து எழுதுவது நிரல் முழுவதற்கும் பொது. நீங்கள் சேர்த்துக்கொண்ட ஜெம்களுக்குள்ளும் (பிறர் எழுதிய ரூபி நூலகங்கள்) அது பாயும். ஒற்றைக் கோப்பு ஸ்கிரிப்டுக்கு இது போதும். பிறர் பயன்படுத்தும் நூலகத்தில் மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

இப்போது அந்த இரண்டையும் அழித்துவிட்டு, தனிக் கோப்பில் இப்படி எழுதுங்கள் (இந்த வசதிக்குப் பெயர் ரிஃபைன்மென்ட்):

மாடியூல் டாக்ஸ்8
  ரிஃபைன் இன்டிஜர் டூ
    டெஃப் வரியுடன்
      செல்ஃப் * 108 / 100
    எண்ட்
  எண்ட்
எண்ட்

டாக்ஸ்9 என்று இன்னொன்று, 109 போட்டு. மாடியூல் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் இதற்கு மட்டும் ஆங்கிலப் பெயர்தான்.

எழுதியதோடு எதுவும் மாறாது. பழைய பில் கோப்பின் தலையில் மாடியூல் கோப்பை ஏற்றி, அடுத்த வரியில் 'யூசிங் டாக்ஸ்8' என்று போடுங்கள். புதிய பில் கோப்பில் 'யூசிங் டாக்ஸ்9'. அந்த வரியிலிருந்து கோப்பின் முடிவு வரைதான் அதன் ஆட்சி. ஒரு கிளாஸுக்குள் போட்டால் அந்த கிளாஸ் உடல் முடியும் வரை. மெத்தடுக்குள் போட்டால் பிழை வரும். இந்த வசதி 2013இல் ரூபி 2.0உடன் சோதனை நிலையில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.1இல் நிலைபெற்றது.

புதிதாக வருபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு, நிதானமாகப் படியுங்கள். பழைய பில் கோப்பு, 'அச்சிடு' என்ற மெத்தடை வேறொரு கோப்பிலிருந்து கூப்பிடுகிறது; அந்த மெத்தடுக்குள் 500.வரியுடன் இருக்கிறது என்று வையுங்கள். கூப்பிட்ட கோப்பில் யூசிங் இருந்தும், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று ரூபி நின்றுவிடும். யார் கூப்பிட்டார்கள் என்று ரூபி பார்ப்பதில்லை, அந்த நிரல் வரி எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்கும். ஆகவே வரிக் கணக்கை அந்தந்த பில் கோப்பிலேயே முடித்து, வந்த தொகையை மட்டும் அச்சிடும் மெத்தடுக்கு அனுப்புங்கள்.

இரண்டு பில் கோப்புகளையும் ஒரே நிரலில் ஏற்றி ஓட்டுங்கள். 2023 பில்லில் 540, 2024 பில்லில் 545. ஏற்றும் வரிசையை மாற்றியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அதே எண்கள்தான் வரும்.