கடைசி வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணே, ஆபீஸ்ல கேட்டா தலைக்கு 120 லிட்டர் குடுக்கறோம்னு பேப்பரைக் காட்டுறாங்க. எங்க தெருவுல தினமும் குடத்துக்குச் சண்டை. இதுல எது நிஜம்?"

வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு முந்தின மாதம் எங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு வந்து கேட்டது இது. குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து ஓவர்சியராக ஓய்வு பெற்றவன் நான். அந்த மாதிரி எண்களை நானே பல வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அளந்தே பார்த்துவிடுவோம்மா" என்றேன். மூன்று வாரம் ஆனது, பெரிய செலவும் இல்லை. நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வார்டிலும் செய்யலாம்.

முதலில், எதோடு ஒப்பிடுவது? மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் சேவைத் தர அளவுகோல்கள் என்று 28 வெளியிட்டது. அதில் குடிநீருக்கு 9, கழிவுநீருக்கு 9. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 24 மணி நேர விநியோகம், வருவாய் தராத நீர் (கசிந்தோ கட்டணம் வராமலோ போவது) 20 சதவீதத்துக்குள், புகார்களில் 80 சதவீதம் 24 மணி நேரத்துக்குள் தீர்வு என்று இலக்குகள் போகும். பெரும்பாலான ஊர்களுக்கு இதெல்லாம் இன்னும் தூரம்தான். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஏ முதல் டி வரை தரம் போட வேண்டும். மீட்டர் வைத்து அளந்தால் மேல் தரம், உத்தேசமாகச் சொன்னால் டி. 120-ஐக் காட்டுகிறவரிடம் "இது ஏ-யா, டி-யா சார்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்.

எங்கள் 120 சந்தேகமில்லாத டி. லாக் புக்கில் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இருக்கும். பம்பின் தகட்டில் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி, ஜனத்தொகையால் வகுத்தால் முடிந்தது. நாளுக்கு 16 மணி நேரம், 9.6 லட்சம் லிட்டர், அந்தத் தொட்டியை நம்பி இருப்பவர்கள் 8,000 பேர், ஆளுக்கு 120. (எண்களைக் கொஞ்சம் முழுமைப்படுத்தித்தான் சொல்கிறேன்.) தகடு பம்ப் புதிதாக வந்த நாளைய கதை. உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தது தகட்டுக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை பம்பைச் சோதிப்பது. மேல்நிலைத் தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு வெளியே தொங்கும் அளவுப் பலகை போதும். அது வேலை செய்யாவிட்டால் ஆப்பரேட்டர் கயிற்றில் எடை கட்டி அளப்பார். நீங்கள் ஏற வேண்டாம். எங்கள் தொட்டியின் உள்விட்டம் 9 மீட்டர், அதனால் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 636 லிட்டர். ஏறியது 72 சென்டிமீட்டர். அதாவது மணிக்கு 60,000 லிட்டர் என்று எழுதிவந்த இடத்தில் ஏறுவது சுமார் 45,800 தான். ஆளுக்கு 120 என்பது தொட்டியிலேயே 92 ஆகச் சுருங்கிவிட்டது. ஒரு சொட்டுகூட இன்னும் தெருவுக்கு வரவில்லை!

இதற்கு ஆப்பரேட்டர் ஒத்துழைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டு லாக் புக் நகல் கேட்கலாம்தான். ஆனால் மனுவோடு போய் நின்றால் அடுத்த நாளே அவர் உங்களைக் கண்டு ஒதுங்குவார். முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்த வால்வு எத்தனை சுற்று திறக்கிறது, எந்த வால்வு இறுகிப்போய் அசையவே இல்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது, எந்த வரைபடத்திலும் இல்லை.

அடுத்தது வீடுகள். தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு, நடுவில் நான்கு, குழாய் முடிகிற தெருவில் நான்கு என்று 12 வீடு எடுத்தோம். எடுக்கும்போதே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: தெரிந்தவர் வீடாகப் பார்த்துப் போவது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் மெயின் ரோட்டில் இருப்பார்கள், மெயின் ரோட்டில் தண்ணீர் வரும். அதனால் கடைசித் தெருவை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தரைத்தொட்டி உள்ள வீட்டில் நீள அகலத்தை அளந்து, மட்டம் ஏறியதை வைத்துக் கணக்கிடலாம். குடம் பிடிக்கிற வீட்டில் குடத்தை எண்ண வேண்டியதுதான். குடத்துக்குக் குடம் கொள்ளளவு மாறும், ஒரு லிட்டர் பாட்டிலால் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். கடைசித் தெருப் பாட்டி ஒருவர் குடத்துக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எங்கள் நோட்டுப் புத்தகத்தைவிட அந்த டப்பாவில்தான் பிழை குறைவு.

எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். இரண்டு மணி நேரம் வந்தால் அது நாளுக்கு ஒரு மணி நேரம். இரண்டு என்று எழுதக் கூடாது. லிட்டரையும் அதே போல இரண்டு வாரத்துக்குக் கூட்டி 14-ஆலும், பிறகு வீட்டில் உள்ளவர்கள் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். கூடவே தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நின்றது, மோட்டார் வைத்து உறிஞ்சினார்களா என்பதையும் குறித்துக்கொண்டோம்.

பன்னிரண்டு வீட்டின் சராசரி ஆளுக்கு நாளொன்றுக்கு 62 லிட்டர். தொட்டிப் பக்கம் 110, கடைசித் தெரு 24. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு முறைக்கு 13 குடம், அதுவும் வால்வு திறந்து 50 நிமிடம் கழித்து வரத் தொடங்கி, ஒரு குடம் நிறைய ஐந்து நிமிடத்துக்கு மேல். கவுன்சிலர் சொன்ன சண்டைக்கு இதுதான் காரணம். ஆபீஸ் சொன்ன 120-க்கும் இந்த 24-க்கும் நடுவில் எல்லோரும் "தண்ணீர் திருட்டு" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். 120-ல் 62 போக மீதி பாதி களவு போகிறது என்பது பேச்சு. உண்மையில் 92-ல் 62 போனால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு. மீதித் "திருட்டு" பம்ப் தகட்டில் எழுதியிருந்த தண்ணீர், அது ஊருக்குள் வரவே இல்லை. பம்பைச் சோதிக்காமல் கசிவைத் தேடித் தெருவைத் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, திருத்துவது எப்படி? புதுக் குழாய், புதுத் தொட்டி என்று உடனே மதிப்பீடு போடாதீர்கள். மூன்று சின்ன வேலைகள் முதலில். தொட்டி நிரம்பி வழிகிறதா என்று இரவில் போய்ப் பாருங்கள். எங்கள் பம்புக்கு 20 நிமிடம் வழிந்தால் 15,000 லிட்டர் போச்சு. அப்புறம் தண்ணீர் விடும் நேரத்தில், சத்தம் அடங்கிய வேளையில், வீட்டு இணைப்பு மெயினில் சேருகிற இடங்களில் நடங்கள். பழைய ஃபிட்டர்கள் ஒரு இரும்புக் கம்பியைக் குழாயில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும். மெயின் குழாய் உடைந்தால் தெருவே சொல்லிவிடும், இந்த இணைப்புக் கசிவுகள்தான் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடுபவை.

மூன்றாவது வால்வு. தொட்டிப் பக்கக் கிளையின் வால்வை ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் கடைசித் தெருவில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று போனில் கேட்டுக்கொண்டே போனோம். நான்கு முறை விநியோகத்தில் சரியான இடம் கிடைத்தது, அந்தச் சுற்று எண்ணை வால்வு மூடியிலேயே பெயிண்டால் எழுதினோம். கடைசித் தெரு 24-லிருந்து 43 ஆனது. தொட்டிப் பக்கம் 110-லிருந்து 92 ஆனதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன், ஏனென்றால் என் வீடு தொட்டிப் பக்கம்.

தரத்துக்கு வருவோம். இடைவிட்டு விநியோகிக்கும் ஊர்களில் தண்ணீர் நிற்கும்போது குழாய் காலியாகும். விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே வரும், வீட்டு மோட்டார்கள் உறிஞ்சினால் இன்னும் வரும். ஆகவே தொட்டியில் குளோரின் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். கடைசிக் குழாயில், தண்ணீர் வந்த முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்று, கால் மணி கழித்து ஒன்று என்று பாருங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆர்த்தோடொலிடின் மருந்தில் மஞ்சள் நிறம், டிபிடி மாத்திரையில் இளஞ்சிவப்பு. எடுத்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள், பாட்டிலில் பிடித்து ஆபீஸுக்கு எடுத்துப் போனால் வழியிலேயே குளோரின் குறைந்துவிடும். மருந்து கலந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

புகார்ப் பதிவேட்டைப் பற்றி ஒரே வரி: "சரி செய்யப்பட்டது" என்று எழுதியதில் பத்துப் பேருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கட்டண வசூல் சதவீதம் கேட்டால் நடப்பு தனி, நிலுவை தனி என்று கேளுங்கள். பழைய பாக்கியைச் சேர்த்துக் காட்டி நூற்றுக்கு மேல் வசூலான ஊர்களும் உண்டு.

கழிவுநீரில் பாதாளச் சாக்கடை இருக்கும் ஊர் என்றால், தெருவில் குழாய் போவதை எண்ணாமல் வீடு இணைந்திருப்பதை எண்ணுங்கள். எங்களைப் போலச் செப்டிக் டேங்க் ஊருக்கு எனக்குத் தெரிந்த சுலபமான அளவு கசடு எடுக்கும் லாரியின் நடை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்றால், 6,000 டேங்குக்கு வருடம் 2,000 நடை, வேலை நாளுக்கு ஆறேழு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பது போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையம் உங்கள் பக்கம் இருந்தால் அதன் வாயில் பதிவேட்டைப் பாருங்கள். நாளுக்கு இரண்டு லாரிதான் வந்திருக்கிறது என்றால், ஒன்று மற்ற டேங்குகளை யாரும் எடுக்கவில்லை, அல்லது லாரி வேறெங்கோ கொட்டுகிறது. எங்கே என்று ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டேங்குகளையும் வெளியிலிருந்து பாருங்கள். பல வீடுகளில் அடித்தளம் பூசாத வெறும் குழிதான், வெளியேறும் குழாய் நேரே தெருச் சாக்கடையில் விழும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம், இறங்கியவர் விஷவாயுவில் திரும்பி வராமல் போகலாம். லாரி வேண்டுமென்றால் உதவி எண் 14420.

கூட்டத்துக்கு ஒரு பக்கம்தான் கொண்டுபோனோம். இடது ஓரத்தில் எண், அடுத்து எங்கே அளந்தோம், எப்படி அளந்தோம், கடைசியில் ஏ முதல் டி வரை எங்கள் தரம். எங்கள் 62-க்கு நாங்களே பி போட்டிருந்தோம். பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "12 வீட்டை வச்சு பி-யெல்லாம் போட முடியாது" என்று சி ஆக்கினார். அப்புறம் பம்புக்கு மீட்டர் வைக்க எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.