காணி உறுதியில் தம்பியின் பங்கு

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக வீட்டை மூத்தவன் பெயருக்கு எழுதிவிட்டு, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று வாயால் சொல்லாதீர்கள். நொத்தாரிசிடம் போய் நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) உறுதியாகவே முடித்துவிடுங்கள்; அதாவது வீடு அண்ணன் பொறுப்பில் இருக்கும், பயன் தம்பிக்கு. இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டப்படி, காணி விஷயத்தில் வெறும் வாய்ச்சொல் பொதுவாக நிற்காது. எழுதிப் பதிந்துவிட்டால், உதாரணமாகத் திருகோணமலை உவர்மலையில் உள்ள வீடென்றால், அதன் வாடகை தம்பியின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். அண்ணனுக்குக் கடன் கொடுத்தவரோ, அவனுக்குப் பிறகு அவன் மனைவி பிள்ளைகளோ உரிமை கொண்டாட முடியாது. அண்ணனும் மனிதன்தானே, தம்பிக்கு முந்தி இறந்துபோகலாம். அடுத்த பொறுப்பாளரின் பெயரையும் அதே உறுதியில் போடுங்கள், பிறகு கோர்ட்டுக்கு அலையத் தேவையில்லை. கந்தளாய்ப் பக்கத்தில் உள்ளதுபோல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணிக்கு மட்டும் இது சரிவராது; அதைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும்.