ஐஸ்கிறீம் பெட்டியோடு புறாத்தீவுக்கு

முதல் தடவை பிள்ளைகளை நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குக் கூட்டிப்போனபோது நான் படுதோல்வி அடைந்தேன். தரம் 7, அறுபத்திரண்டு பேர், இரண்டு பஸ். மறுநாள் வகுப்பில், பார்த்ததை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் வள்ளத்தில் தண்ணீர் தெறித்ததை எழுதினார்கள், மீதிப் பேர் மாலுபணிஸ் பற்றி எழுதினார்கள். ஒருத்தி மட்டும், "கடலுக்கு அடியில் பூக்கோவா இருந்தது. அது செடியா, கல்லா?" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் அடுத்த வருடமும் போனேன். அதன்பிறகு கற்றுக்கொண்டதை, திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

போகும் மாதத்தைக் கடல்தான் தீர்மானிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். இதையே முதல் பாடமாக்கலாம். ஆடி மாதம் காலிக் கடல் கொந்தளிக்கும்போது நம் கடல் ஏன் படுத்திருக்கிறது? இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, தென்மேற்குக் காற்று வரும் திசையைக் கோடு போடச் சொல்லுங்கள். தரையைக் கடந்து வரும் அந்தக் காற்று நம் கரையில் கடலை நோக்கி வீசுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அதிபரின் கடிதம், பெற்றோரின் சம்மதம், வனசீவராசிகள் திணைக்களத்திடம் மாணவர் கட்டணம் பற்றிய விசாரிப்பு எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முப்பது பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். உயிர்காப்பு அங்கி இல்லாத வள்ளத்தில் ஒருவரையும் ஏற்றாதீர்கள், வள்ளக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

இனி, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. என் கணக்கில் பாடத்தின் முக்கால் பங்கு இங்கேதான் நடக்கிறது.

மீன் சந்தையில் ஒரு கிளிமீன் வாங்கி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் குழம்பில் தின்ற மீன்தான், ஆனால் அதன் வாயை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். உதட்டை விலக்கினால் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளியின் அலகு போலவே இருக்கும். ஒரு பையன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது மீனைக் கடிக்கிற பல் இல்லை, எதையோ சுரண்டுகிற பல்" என்றான். அவன் அப்பா தச்சுவேலைக்காரர். முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், படிந்த பாசியை அது கல்லோடு சேர்த்துச் சுரண்டும், தொண்டையில் அரைக்கும், அரைபட்ட கல் மணலாகப் பின்னால் வெளியேறும் என்றேன். "அப்படியென்றால் நாங்கள் கடற்கரையில் வீடு கட்டி விளையாடியது..." என்று பின்வாங்கில் யாரோ தொடங்க, வகுப்பே சிரித்து உருண்டது. சிரிக்க விட்டேன். ஆண்டிறுதிப் பரீட்சை முடிந்த பிறகும் அவர்களுக்கு அது நினைவிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் மணலைக் கையில் எடுங்கள். கடற்கரையில், சிப்பித் துகள் கலந்த இடத்தில் ஒரு பிடி மணல் போதும். சிரட்டையில் போட்டுத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சில துகள்களில் குமிழி கிளம்பும், அவை சிப்பியும் முருகையும் உடைந்த கல்சியம் காபனேற்று. வெளிவருவது காபனீரொட்சைட்டு. எதுவும் நடக்காதது போல் கிடக்கும் கண்ணாடித் துகள் குவார்ட்ஸ், மலைப்பாறையிலிருந்து ஆறுகள் உருட்டி வந்தது. மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது என்று அப்போது சொன்னால் புவியியல் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்புத் துகள்களிடம் காந்தத்தைக் காட்டுங்கள்; சில ஒட்டும். புல்மோட்டை மணலிலிருந்து இல்மனைற்று, ரூட்டைல் என்ற கனிமங்களை ஏன் அள்ளுகிறார்கள் என்ற கேள்வி அதிலிருந்து கிளம்பும்.

பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை, பிரெட்ரிக் கோட்டையில் புள்ளிமான்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு மான், பத்து நிமிடம், பேசக் கூடாது. "அழகான" என்ற சொல்லைக் கொப்பியில் எழுதக் கூடாது என்பது என் சட்டம். "மான் அழகாக நின்றது" என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "இடது காதை ஆட்டியது. ஈ பறந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி ஆட்டியது. பிறகு சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீனை நக்கியது" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதற்கு மேல் சூழல் மாசு பற்றி நான் என்ன சொல்ல?

யானை பார்க்க மின்னேரியாவுக்கும் கவுடுல்லைக்கும் போகலாமே என்று பெற்றோர் கேட்பார்கள். குளம் வற்றிப் புல் முளைக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் கூடுவது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் யானையைக் கண்ட பிள்ளை வேறெதையும் காணாது, ஜீப்பிலிருந்து இறங்கவும் முடியாது. அதை இரண்டாவது பயணமாக வையுங்கள்.

இப்போது பெட்டி. பெரிய ஐஸ்கிறீம் பெட்டியின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். அந்த வாயில் நிறமற்ற பொலித்தீனைச் சுருக்கமில்லாமல் இழுத்து இரண்டு ரப்பர் வளையம் போடுங்கள். பொலித்தீன் கீழே இருக்கும்படி தண்ணீரில் அமிழ்த்தி மேலிருந்து பார்த்தால் அலை மறைக்காது, முகம் நனையாது, நீச்சல் தெரியாத பிள்ளையும் பார்க்கலாம். தண்ணீரின் அமுக்கத்தால் பொலித்தீன் உள்நோக்கிப் புடைக்கும்; அதனால் மீன் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். வில்லை என்றால் என்ன என்று படிப்பிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. முதலில் வாளித் தண்ணீரில் ஒரு சில்லறைக் காசைப் போட்டுப் பழக்குங்கள்.

தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இறங்கியதும் கடலுக்குள் விடாதீர்கள். முதல் அரை மணி நேரம் நிழலில் இருந்து மாடப்புறாக்களைப் பார்க்கட்டும், கோயில் கூரையில் இருக்கும் புறாக்களின் காட்டு உறவினர்கள் இவை. "இவை தண்ணீர் குடிக்க எங்கே போகும்?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்லாமல், கரைப்பக்கம் பறப்பவற்றையும் திரும்பி வருபவற்றையும் தனித்தனியே எண்ணச் சொன்னேன்.

பிறகு இரண்டிரண்டு பேராக, முழங்கால் தண்ணீரில், மணலில் மட்டும் நிற்க வேண்டும். கல்லில் கால் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லுங்கள்: கிளைமுருகை நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவு, உருண்டையான மூளைமுருகை ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிது. அடிமட்டத்தைக் கையில் கொடுத்து, தன் வயதுக்குள் அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னால் காலைத் தானாகவே தூக்கிக்கொள்வார்கள். வெயிலுக்குக் கிறீம் வேண்டாம், சில வகைகள் முருகைக்குக் கேடு. நீளக் கை சட்டையும் தொப்பியும் போதும்.

கறுப்பு நுனிச் சுறாக் குட்டிகள் ஆழமில்லாத இடத்துக்கு வரும். வீட்டில் சுறா வறையை இரண்டு தரம் போட்டுத் தின்னும் பிள்ளைகள்தான் அதிகம் அலறுகிறார்கள். துரத்தாமல், தொடாமல் நின்றால் அது தன் வழியில் போய்விடும்.

பூக்கோவாக்காரிக்கும் பதில் சொன்னேன். அது மிருகம்; பல்லாயிரம் சின்ன மிருகங்கள் சேர்ந்து கட்டிய கல்வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து வெளிச்சத்தில் சமைத்துக் கொடுக்கிறது, நிறமும் பெரும்பாலும் அதனுடையதுதான். கடல் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், கல் வெளுக்கும். 1998இல் இலங்கையின் பல முருகைப் பாறைகள் அப்படித்தான் வெளுத்து அழிந்தன. "சமைக்கிற ஆள் போனால் வீட்டுக்காரர் பட்டினி" என்று அவள் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பென்சிலால்தான் எழுதினாள்; பேனை மை கடல் தண்ணீரில் கரைந்துவிடலாம் என்பதை மறக்காமல் சொல்லிவையுங்கள்.

வீடு வந்ததும் பெட்டிகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். ரப்பர் வளையங்களைக் கழற்றித் தனியே வையுங்கள். உப்போடு கிடந்தால் அடுத்த ஆடிக்கு அறுந்துபோயிருக்கும்.