பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் கிறிஸ்தவப் பெற்றோர் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் பாடத்திட்டத்தைத்தான். எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த ஆப் நல்லது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்காக இதைச் செய்யப் போகிறீர்கள்? கணவனும் மனைவியும் இதற்கு ஒரே பதிலைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நான் பார்த்தவரை ஹோம்ஸ்கூல் குடும்பங்களில் வரும் பெரிய சிக்கல்கள் பாடப்புத்தகத்தில் ஆரம்பிப்பதில்லை, இந்தப் பதிலில்தான் ஆரம்பிக்கின்றன.

காரணங்கள் பல. காலையில் ஆட்டோ, மாலையில் டியூஷன், இரவு வீட்டுப்பாடம் என்று ஓடும் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கே பிள்ளைகள் தூங்கி வழிவதைப் பார்த்து நொந்துபோன தாய் தகப்பன் உண்டு. ஊழியத்துக்காக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவர்கள், பிள்ளைகளை ஹாஸ்டலில் விட மனமில்லாமல் கூடவே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்து சீக்கிரம் வராத பிள்ளையை வகுப்பில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதால் டி.சி. வாங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் உபாகமம் ஆறாம் அதிகாரம் இருக்கிறது. வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேசச் சொல்லும் பகுதி. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முதலில் பெற்றோருடையது, பள்ளி அதற்கு ஒரு துணை என்று அதை வாசித்து முடிவெடுக்கிற குடும்பங்களை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் பயம் மட்டுமே காரணமாக இருந்தால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். "ஸ்கூலுக்குப் போனா கெட்டுப்போயிடுவான்" என்ற ஒரே நினைப்பில் தொடங்கும் வீட்டில், எதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற பட்டியல் நீளும், எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது காலியாகவே கிடக்கும். கெட்ட வார்த்தையும் போனும் பொறாமையும் பள்ளி வாசலில் நின்றுவிடுகிற சமாச்சாரங்கள் இல்லை, அவை வீட்டுக்குள்ளும் வரும். பாவம் மனுஷனுடைய இருதயத்துக்குள்ளிருந்து வருகிறது என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் படிக்கிற நாம், அது எதிர்வீட்டுப் பையனிடமிருந்து தொற்றும் வியாதி மாதிரி நடந்துகொள்வது சரியில்லை.

அடுத்தது, அமெரிக்கக் காரணங்களை அப்படியே நம் வீட்டுக்கு இறக்குமதி செய்வது. இணையத்தில் கிடைக்கும் கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் பாடங்கள், காணொளிகள், சாட்சிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அவர்கள் சண்டை வேறு. அரசுப் பள்ளிகளில் பள்ளியே முன்னின்று நடத்தும் ஜெபம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 1962-லும், வகுப்பில் பக்திக்காக வேதம் வாசிப்பதும் அப்படியே என்று 1963-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி நம்முடையது இல்லை என்ற எண்ணம் அங்குள்ள பல கிறிஸ்தவர்களுக்கு அந்த நாட்களில் வேர்விட்டது. 1972-ல், நவீன வாழ்க்கையை விட்டு ஒதுங்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள், எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று மத உரிமையைச் சொல்லி வழக்கில் ஜெயித்தார்கள். எண்பதுகளில் வீட்டில் படிக்கவைத்த பெற்றோர் பல மாநிலங்களில் நீதிமன்றப் படி ஏறினார்கள், 1993 வாக்கில்தான் ஐம்பது மாநிலங்களிலும் அதற்குச் சட்டப்படி வழி கிடைத்தது. அவ்வளவு போராடிய அந்த நாட்டிலேயே, 2016-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பில், மத போதனைதான் மிக முக்கியமான காரணம் என்று சொன்னவர்கள் சுமார் 16 சதவீதம். பள்ளியின் சூழல் பற்றிய கவலை என்று சொன்னவர்கள் 34 சதவீதம். ஆக, எல்லாரும் வேதத்துக்காகவே இதைச் செய்கிறார்கள் என்பது அங்கேயே முழு உண்மை இல்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. இங்கே மிஷன் பள்ளிகளில் அசெம்பிளியில் ஜெபம் உண்டு, பைபிள் வகுப்பு உண்டு. இங்கே நம் பிள்ளைகளை நசுக்குவது மதிப்பெண், பணம், நேரம். நோய் வேறாக இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் மருந்துச்சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாலரில் விலை கட்டி வரவழைத்த பாடப் பெட்டியைத் திறந்தால் அடியும் அங்குலமும் சென்ட் நாணயமும் இருக்கும், நவம்பர் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பில்கிரிம்கள் கதை வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவர்கள் வந்த மேஃபிளவர் கப்பல் தெரியும், தாமிரபரணி எங்கே கடலில் சேருகிறது என்று தெரியாது. அதைவிட வருத்தமானது, தமிழ் நின்றுபோவது. பாடமெல்லாம் ஆங்கிலம், படம் ஆங்கிலம், வசனம்கூட ஆங்கிலம். அப்புறம் பாட்டி மடியில் உட்கார்ந்து வேதப்புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரிவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அறிவியல் கணக்கு எல்லாம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு வேண்டியதை மேலே சேருங்கள்.

சட்டம் பற்றித் தெரியாமல் இறங்குவதுதான் பின்னால் அதிகமாக அடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாவது பிரிவு சொல்கிறது, சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. ஹோம்ஸ்கூல் என்பதற்கென்று தனிச் சட்டமும் இல்லை. "சட்டப்படி தப்பே இல்லை" என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்வார், "ஜெயிலில் போடுவார்கள்" என்று மாமியார் வீட்டில் ஒருவர் பயமுறுத்துவார், இரண்டையும் நம்பாதீர்கள். ஜெர்மனி மாதிரி இங்கே தடை இல்லை, அமெரிக்கா மாதிரி தெளிவான உரிமையும் இல்லை. இந்த நடுவாந்திர நிலையில் நிற்கிறோம் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

அதனால் சான்றிதழ் வழியை முதல் நாளே யோசியுங்கள். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடம் எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள். நம் மாநில அரசுத் தேர்வுத் துறையே பன்னிரண்டரை வயது முடிந்தவர்களுக்குத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. வழி இருக்கிறது. ஆனால் இழப்பும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே மாதிரி பள்ளிப் படிப்பு வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையைக் கேட்கப் போனால் தொடக்க வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று காட்டச் சொல்வார்கள். வசதியான குடும்பத்துக்கு இவை ஒன்றுமில்லாமல் இருக்கலாம். தினக்கூலியில் வாழும் விசுவாசி ஒருவரிடம் போய் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், பள்ளியை விட்டு நிறுத்துங்கள்" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வேதத்தைப் பாடமாக்கிப் பிள்ளைக்குக் கசக்க வைப்பது இன்னொன்று. இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன், தம்பியின் பென்சிலை எடுத்துவிட்டு இல்லை என்று சாதித்தான். தண்டனை, நீதிமொழிகளில் பொய் உதடுகள் கர்த்தருக்கு அருவருப்பானவைகள் என்று வரும் வசனத்தை ஐம்பது தடவை எழுத வேண்டும். பையன் என்ன செய்தான் தெரியுமா? "பொய்" என்ற வார்த்தையை மட்டும் மேலிருந்து கீழே வரிசையாக எழுதிவிட்டு, அப்புறம் "உதடுகள்" என்று அடுத்த வரிசை, அப்புறம் "கர்த்தருக்கு" என்று அடுத்தது, இம்போசிஷன் எழுதும் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற மாதிரியே. நோட்டில் ஐம்பது தடவை கர்த்தருடைய பெயர் இருக்கிறது, ஒரு தடவைகூட அவன் அந்த வாக்கியத்தை வாசிக்கவில்லை. பள்ளியில் இம்போசிஷன் கொடுத்தால் பிள்ளை அந்த ஆசிரியரை வெறுக்கும். வீட்டில் வசனத்தை இம்போசிஷனாகக் கொடுத்தால் எதை வெறுக்கும்? வசன மனப்பாடம் நல்லது, எங்கள் வீட்டிலும் உண்டு. மார்க் போடாதீர்கள், தண்டனை ஆக்காதீர்கள், விருந்தாளி வந்தால் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள். உபாகமம் சொல்வது பேச்சு. சோறு ஊட்டும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது நடக்கிற பேச்சு. நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பதை அது சொல்லவில்லை.

இதோடு சேர்ந்தது அறிவியலை ஒளிப்பது. உயிரியல் புத்தகத்தில் பரிணாமம் வரும் அத்தியாயத்தை அப்படியே தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தேர்விலும் அதைச் சந்திக்கும், கல்லூரியிலும் சந்திக்கும். அப்போது முதல்முறையாகக் கேள்விப்பட்டால், அப்பா அம்மா இதை மறைத்தார்கள், இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்றுதான் நினைக்கும். விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள், எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று நேர்மையாகச் சொல்லிக்கொடுங்கள். நம்பிக்கை சார்ந்த கேள்விகளை உட்கார்ந்து பேசுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பா தீர்மானிப்பார், அம்மா செய்வார் என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். சபையில் அவர் சாட்சி சொல்வார், வீட்டில் அவள் இட்லிக்கு மாவாட்டி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டி, பெரியவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்து, மத்தியானம் சோறு வடிக்கும் நேரத்தில் இரண்டாவது பிள்ளைக்கு எழுத்துப் பிழை திருத்துவாள். ஆறு மாதத்தில் உடைந்துபோவாள். எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கச் சொல்வது பிதாக்களைப் பார்த்துத்தான். இரண்டு பாடமாவது அப்பா எடுக்க வேண்டும். முடியாது என்றால் அந்த வீட்டில் ஹோம்ஸ்கூல் வேண்டாம் என்பது என் கருத்து. மூத்த பெண்பிள்ளையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில்தானே இருக்கிறாள் என்று பாத்திரமும் தம்பி தங்கையும் அவள் தலையில் விழுந்துவிடும். அதற்குப் பெயர் படிப்பு இல்லை.

நேரம் பற்றி ஒரு வரி: எட்டு மணிக்கு மணி அடித்து நாலு மணி வரை பீரியட் போடத் தேவையில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் நன்றாகவே போதும்.

பிள்ளையைச் சுற்றி நம் சபை ஆட்கள் மட்டுமே இருப்பது ஆபத்து. சண்டே ஸ்கூல், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, கூட்டம் எல்லாம் சரி. தெருவில் கிரிக்கெட் ஆடட்டும், நூலகத்துக்குப் போகட்டும், பக்கத்து வீட்டு முருகன் பக்தர் தாத்தாவிடம் கேரம் கற்றுக்கொள்ளட்டும். வேறு நம்பிக்கை உள்ளவர்களை ஒரு மனிதராகத் தெரியாமல், ஜெபக் குறிப்பாக மட்டுமே தெரிந்து வளரும் பிள்ளைக்கு அயலானை நேசிக்க எப்படி வரும்? இன்னொன்றும் உண்டு, சொல்லக் கஷ்டமானது. வீட்டுக்குள் அடியோ அத்துமீறலோ நடந்தால் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு டீச்சராவது இருப்பார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும், பெற்றோரைத் தாண்டி, நம்பிப் பேச ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அது அத்தையோ சித்தப்பாவோ யாராக இருந்தாலும் சரி. சிறார்களுக்கான உதவி எண் 1098, அதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

பள்ளிக்கு அனுப்புகிற விசுவாசிகளைத் தாழ்வாகப் பார்க்காதீர்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு சீக்கிரத்திலேயே அங்கே பள்ளி தொடங்கினார். எழுத்து மறுக்கப்பட்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நெல்லையிலும் குமரியிலும் மிஷன் பள்ளிதான் கதவைத் திறந்தது, நம்மில் பலருடைய பாட்டிமார் அங்கேதான் கையெழுத்துப் போடக் கற்றார்கள். அந்த வழியில் வந்த நாம், பள்ளிக்கு அனுப்புவது விசுவாசக் குறைவு என்று பேசக்கூடாது. உபாகமம் பிள்ளைக்குப் போதிக்கச் சொல்கிறதே தவிர, பள்ளிக்கு அனுப்பாதே என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கடைசியாக, திரும்பிவரும் வழியை அடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மே மாதமும் பிள்ளையிடம் கேளுங்கள், அடுத்த வருஷம் எப்படி வேண்டும் என்று. பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால் அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் நாலாம் பிரிவுப்படி, இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையையும் இடையில் நின்ற பிள்ளையையும் எட்டாம் வகுப்பு வரை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருந்தால் பழைய டி.சி., வருஷவாரியாகப் பிள்ளை எழுதிய நோட்டுகள், இவ்வளவையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருங்கள், ஜூன் மாதம் தலைமையாசிரியர் முன்னால் போய் உட்காரும்போது அதுவே போதும்.